அது வெறும் கேஸ் இல்லை

சாப்பிட்டால் வயிறு வலிக்கிறது என்று ஒரு பெண் சொன்னால், எங்கள் ஆம்பூர்ப் பக்கத்தில் அவளுக்குக் கிடைக்கும் முதல் வைத்தியம், "அப்ப கொஞ்சமா சாப்பிடு." இரண்டாவது வைத்தியம், மெடிக்கல் ஷாப்பில் பழைய அட்டையைக் காட்டி வாங்கும் கேஸ் மாத்திரை. மூன்றாவது, "எந்நேரமும் எதையாவது நெனச்சிக்கினே இருந்தா வயிறு வலிக்காம இன்னா பண்ணும்?" என்கிற அறிவுரை. மூன்றையும் இலவசமாகத் தர வீட்டில் ஆள் இருக்கிறது. நான்காவதாக ஒரு சிகிச்சையும் இருக்கிறது. அது வேலூரிலேயே, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே போய்ச் சேர எங்கள் பெரியம்மாவுக்கு இரண்டு வருடம் ஆனது.

குடலுக்குப் போகிற ரத்தம் நாள்பட்டுக் குறைந்துபோகும் நோய் அது. மாரடைப்பைப் பற்றி நமக்கெல்லாம் தெரியும். இதயத்துக்கு ரத்தம் போகிற குழாய் சுருங்கினால் படி ஏறும்போது நெஞ்சு வலிக்கும். குடலும் தசைதான். அதற்கும் குழாய் உண்டு. இதயத்திலிருந்து கீழே இறங்கும் பெரிய ரத்தக்குழாயிலிருந்து மூன்று கிளைகள் பிரிந்து இரைப்பை, ஈரல், சிறுகுடல், பெருங்குடல் எல்லாவற்றுக்கும் ரத்தம் கொடுக்கின்றன. சாப்பிட்டதும் குடலுக்கு வேலை கூடுகிறது, ரத்தம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து சுருங்கிய குழாயால் அதைக் கொடுக்க முடியாது. சாப்பிட்ட பதினைந்து நிமிடத்திலிருந்து அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் வலி பிடிக்கும். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் வரைக்கும் விடாது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொலஸ்ட்ரால், புகை, வயது என்று இதயத்தைக் கெடுக்கிற அதே கூட்டம்தான் இதையும் கெடுக்கிறது. மூன்று கிளைகளும் ஒன்றுக்கொன்று கைமாற்றுக் கொடுத்துக்கொள்ளும் என்பதால், ஒன்று அடைத்தால் பெரும்பாலும் வெளியே தெரியாது. இரண்டு கெட்ட பிறகுதான் பலருக்கு வலியே வருகிறது.

இந்த நோயில் பசி போய்விடுவதில்லை. பசிக்கும். சாப்பிடத்தான் பயம். நாலு வாய்க்கு மேல் போனால் வலி வரும் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. மருத்துவப் புத்தகத்தில் இந்தப் பயத்துக்குத் தனிப் பெயரே இருக்கிறது. சாப்பாடு குறையும், எடை இறங்கும், எடை இறங்கியதைப் பார்த்துப் புற்றுநோயோ காசநோயோ என்று சோதிப்பார்கள், இல்லை என்று வரும். எண்டோஸ்கோப்பி இரைப்பையின் உள்பக்கத்தைப் பார்க்கும் கருவி. குழாய் அதற்கு வெளியே இருக்கிறது. சாதாரண ஸ்கேனில் கல்லைத் தேடுவார்கள், ரத்தக்குழாயைத் தேட மாட்டார்கள். மருந்து செலுத்தி எடுக்கும் சிடி ஆஞ்சியோகிராமில் அது பளிச்சென்று தெரியும். ஆனால் அதை எழுதிக் கொடுக்க ஒருவர் மனதில் முதலில் சந்தேகம் வர வேண்டும். அப்படியே விட்டால், என்றைக்காவது ஒருநாள் மிச்சமிருக்கும் துளையிலும் ரத்தம் உறைந்து குடல் அழுகத் தொடங்கும். அதன் பிறகு மணிக்கணக்கில்தான் அவகாசம். பிழைக்காதவர்களே நிறைய.

இந்த நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெண்கள். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். என் சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஓர் ஆண் தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்தால் அந்த வீடு நின்றுவிடும். குழம்பு சரியில்லையா, உடம்பு சரியில்லையா, ஆபீசில் ஏதாவது தகராறா? ஒரு பெண் பாதிச் சோற்றில் எழுந்தால் யாருக்குத் தெரியும்? அவள்தான் கடைசியாக, தனியாக, அடுப்பங்கரையில் உட்கார்ந்து, சட்டியில் ஒட்டியிருக்கிறதை வழித்துச் சாப்பிடுகிறவளாயிற்றே. அவள் எவ்வளவு சாப்பிடுகிறாள் என்று அளந்து வைத்திருக்கிற ஆள் வீட்டில் யாரும் இல்லை. தெரிந்தாலும் அது புகழாக மாறிவிடும்: "அவுங்களுக்கு இன்னா, ஒரு காபித் தண்ணி இருந்தா போதும்." ஒரு நோயின் அறிகுறியும் ஒரு நல்ல குடும்பப் பெண்ணின் லட்சணமும் ஒன்றாக இருந்தால் அந்த நோயை யார் கண்டுபிடிப்பது?

என் பெரியம்மா ஷூ கம்பெனியில் இருபத்தேழு வருடம் அப்பர் தைத்தவர். ஷூவின் மேல்பாகத்தைத்தான் அப்பர் என்போம். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று இந்தப் பாலாற்றங்கரை முழுக்க ஆண்கள் தோல் ஷாப்பிலும் பெண்கள் தையல் மெஷினிலும் என்று பிரித்துவைத்த உலகம். விடிகாலை கம்பெனி பஸ் கிராமம் கிராமமாகப் பெண்களை அள்ளிக்கொண்டு போகும். வேலையிலிருந்து நின்ற பிறகு பெரியம்மா வீட்டிலேயே கைத்தையலில் அப்பர் தைத்தார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஆகவே அவர் "வேலையில் இல்லை" என்று கணக்கு. வலி ஆரம்பித்தபோது அவருக்கு அறுபத்தொன்று. சர்க்கரை இருந்தது. ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவர் முப்பத்தெட்டுக்கு வந்தார்.

அந்த இரண்டு வருடத்தில் அவருக்குச் செய்யப்பட்டவை: நான்கு டாக்டர்கள், மூன்று விதமான கேஸ் மாத்திரை, ஒரு எண்டோஸ்கோப்பி ("லேசான புண் இருக்குது, காரம் சேர்க்காதீங்க"), டி.பி.க்குச் சளிப் பரிசோதனை, கடைசியில் தூக்கத்துக்கும் மனசுக்கும் என்று ஒரு மாத்திரை. ஒரு கிளினிக்கில் டாக்டர் பெரியம்மாவிடம் பேசவே இல்லை. கூடப்போன மகனிடம், "வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா?" என்று கேட்டார். மகன் சிரித்தார். முடிந்தது பரிசோதனை.

"துன்னா வலிக்குது, துன்னலன்னா வலிக்கல. அப்ப துன்னாம இருந்துட்டுப் போறேன், யாருக்கு இன்னா நஷ்டம்?" என்றார் பெரியம்மா என்னிடம். செவ்வாய், வெள்ளி விரதத்தோடு வியாழனையும் சேர்த்துக்கொண்டார். சஷ்டி, கிருத்திகை, அமாவாசை எதையும் விடவில்லை. பக்தி முற்றிவிட்டது என்று தெருவே மெச்சியது. சந்தேகப்பட்டவர் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா மட்டும்தான். ரமலானுக்கு வழக்கமாகக் கொடுக்கிற நோன்புக் கஞ்சியைப் பெரியம்மா மூன்று நாளாக வாங்கி வைத்துவிட்டுக் குடிக்கவில்லை என்று கவனித்தது அவர்தான். முப்பது நாள் நோன்பிருக்கிறவருக்குத் தெரியும், விரதம் இருக்கிறவள் விரதம் முடிந்ததும் சாப்பிடுவாள் என்று.

இந்த வலியின் நேரத்தைக் கம்பெனி நேரத்தோடு பொருத்திப் பாருங்கள். 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஐந்து மணி நேர வேலைக்கு ஒருமுறை குறைந்தது அரை மணி இடைவேளை தந்தது. அந்த அரை மணியில் கை கழுவ வரிசை, கழிப்பறைக்கு வரிசை. மிச்ச நேரத்தில் டிபன் பாக்ஸ் காலியாக வேண்டும். மணி அடித்து மெஷினில் உட்கார்ந்து டார்கெட்டைத் தொடும்போது, சாப்பிட்டுச் சரியாகப் பதினைந்து இருபது நிமிடம் ஆகியிருக்கும். இந்த நோய்க்காரிக்கு வலி அந்த நேரத்தில்தான் எழும். சூப்பர்வைசர் முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தால் என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிடுவாள். வேலை கெடாது, பீஸ் குறையாது, புகார் வராது. கம்பெனிப் பதிவேட்டில் அவள் முழு ஆரோக்கியம். உடன் வேலைபார்க்கிற பெண்களுக்கு அவளுடைய குழம்பு கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

பெரியப்பாவின் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டும் ஒரே வீட்டில் நடந்தவை. 2019இல் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ராத்திரி பதினோரு மணி. ஒரு மணிக்கெல்லாம் வேலூரில் இருந்தார்கள். விடிவதற்குள் ஸ்டென்ட் வைத்தாயிற்று. வைத்தது பெரியம்மாவின் நான்கு பவுன் நகையை அடகு வைத்துத்தான். வீட்டில் யாரும் ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. யோசிக்கவும் கூடாது. பெரியம்மாவின் குடல் குழாயில் ஒன்று முழுதாக அடைத்துவிட்டது, இன்னொன்று நூலளவுதான் திறந்திருக்கிறது என்று தெரிந்த அன்று வீட்டில் நடந்தது ஒரு கூட்டம். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா? மருந்து மாத்திரைல பாக்கலாமே?" என்றார் மகன். அவர் கெட்டவர் இல்லை. அம்மாவைத் தினமும் பைக்கில் கொண்டுபோய் விடுகிற பிள்ளை. அப்பாவின் வலி அவசரம், அம்மாவின் வலி வழக்கம் என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, சொல்லாமலே தெரியும்.

அரசுக்கும் அப்படித்தான் தெரிகிறது போலும். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை ஆணையம் ஸ்டென்டுக்கு விலை உச்சவரம்பு வைத்தது. சாதா உலோக ஸ்டென்ட் 7,260 ரூபாய், மருந்து பூசியது 29,600 ரூபாய். லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்ததை ஒரே நாளில் இறக்கிய நல்ல முடிவு. ஆனால் அது இதயத்துக்கு வைக்கிற ஸ்டென்டுக்கு மட்டும். குடல் குழாய்க்கு வைப்பதும் பலூனும் கம்பி வலையும்தான், அதற்கு அந்த வரம்பு கிடையாது. இதய நோய் ஆண்களின் நோய் என்று நான் சொல்லவில்லை, பெண்களும் அதில் சாகிறார்கள், அவர்களுடைய மாரடைப்பையும் கேஸ் என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள். நான் கேட்பது, ஊர் பார்த்துப் பதறுகிற உறுப்புக்கு ஒரு விலை, பதறாத உறுப்புக்கு ஒரு விலையா?

ஸ்டென்ட் வைப்பது என்ன மாதிரி வேலை என்றும் தெரிந்துகொள்ளுங்கள், கூட்டம் போடுகிற வீடுகளில் அது உதவும். வயிற்றைக் கிழிப்பதில்லை. தொடை இடுக்கிலோ கையிலோ இருக்கும் ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழலைச் செலுத்தி, சுருங்கிய இடத்துக்குப் போய், பலூனை ஊதி விரித்து, அங்கே உலோக வலைக் குழாயை நிறுத்துகிறார்கள். பெரும்பாலும் அந்த இடத்தை மரக்கடித்தால் போதும், முழு மயக்கம் வேண்டாம். சிக்கல் இல்லையென்றால் ஒன்றிரண்டு நாளில் வீடு. முன்பெல்லாம் வயிற்றைத் திறந்து மாற்றுப்பாதை போடுவார்கள். அது நீண்ட நாள் நிற்கும், ஆனால் முப்பத்தெட்டு கிலோவுக்கு வந்துவிட்ட கிழவியின் உடம்பு அதைத் தாங்க வேண்டுமே. 1980இலேயே பலூன் வைத்துக் குடல் குழாயைத் திறந்துகாட்டிவிட்டார்கள். அமெரிக்க ரத்தநாள அறுவை மருத்துவர் சங்கம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி, பொருத்தமானவர்களுக்கு முதலில் ஸ்டென்ட் என்றுதான் சொல்கிறது. அதிலும் வெறும் வலையைவிட உறை போட்ட ஸ்டென்டைச் சொல்கிறது, அது மறுபடி அடைப்பது குறைவு என்பதால். கேட்டு வாங்க வேண்டிய விஷயம் இது. "எதை வைக்கப் போறீங்க, உறை போட்டதா?" என்று டாக்டரிடம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

பெரியம்மாவுக்கு வைத்தார்கள். மறுநாள் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலி வரும் என்று அரை மணி காத்திருந்தார், ஒரு மணி காத்திருந்தார். பிறகு, "இன்னொண்ணு கீதா?" என்றார்.

அதோடு கதை முடிந்துவிடாது. ஸ்டென்ட் மறுபடி சுருங்கலாம். சில வருடத்துக்குள் கணிசமானவர்களுக்குச் சுருங்கவும் செய்கிறது. ஆகவே ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் தொடர்ந்து வேண்டும், தொடக்க மாதங்களில் குளோபிடோகிரலும் சேர்த்துச் சொல்வார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் டாப்ளர் பார்க்க வேண்டும். இங்கேதான் பெண்கள் மறுபடி சிக்கனம் பிடிக்கிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை. டாப்ளர் "அடுத்த மாசம்." வலி திரும்பினால் சொல்வதற்குக் கூச்சம்: அவ்வளவு செலவு பண்ணார்களே! ஒரே பெண்ணின் வலியை ஒரு வீடு இரண்டாவது தடவை நம்புவது முதல் தடவையைவிடக் கஷ்டம்.

எல்லா வயிற்றுவலிக்கும் ஸ்டென்ட் வையுங்கள் என்று நான் கொடி பிடிக்கவில்லை. இது அரிய நோய்தான். பெரும்பாலான வயிற்றுவலி புண்ணாகவோ பித்தப்பைக் கல்லாகவோதான் இருக்கும். வயதானவர்களின் ஸ்கேனில் தற்செயலாகச் சுருக்கம் தெரிந்தது, வலியோ எடைக்குறைவோ இல்லை என்றால், அதைத் தொடாமல் விடுவதே முறை. ஒல்லியான இளம் பெண்கள் சிலருக்கு உதரவிதானத்தின் தசைநார் மேல் கிளையை வெளியிலிருந்து அழுத்தும். அதை விடுவிக்காமல் உள்ளே ஸ்டென்டைத் திணித்தால் ஸ்டென்டே நசுங்கிப்போகும். நம் பெண்களின் உடம்பை அலட்சியப்படுத்துவதும் ஒன்றுதான், அவசரப்பட்டு வியாபாரமாக்குவதும் ஒன்றுதான்.

கல்லூரி மாணவிகளுக்கு ஒரு விஷயம், இது கிழவிகள் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தகயாசு என்று ஒரு நோய் இருக்கிறது. 1908இல் அதை விவரித்த ஜப்பானியக் கண் மருத்துவரின் பெயர் அது. பெரிய ரத்தக்குழாய்களின் சுவர் வீங்கித் தடித்துச் சுருங்கும். பெரும்பாலும் நாற்பது வயதுக்குள் தொடங்கும், பெண்களைத்தான் அதிகம் பிடிக்கும். நம் நாட்டில் வயிற்றுப்பகுதிப் பெருங்குழாயை அது தாக்குவது சகஜம், சிலருக்குக் குடல் கிளைகளையும். காய்ச்சல், உடம்பு வலி, எடைக்குறைவு, கையைத் தூக்கி வேலை செய்தால் சீக்கிரம் ஓய்ந்துபோவது, ஒரு கையில் நாடி கிடைக்காமல் போவது. தையல் மெஷினில் இருக்கிற பெண் கை ஓய்கிறது என்றால் யார் நாடி பார்ப்பார்கள்? இந்த நோய்க்காரர்களைப் பெரிய எண்ணிக்கையில் தொடர்ந்து கவனித்துவரும் துறைகளில் ஒன்று வேலூர் சி.எம்.சி.யில் இருக்கிறது. நோய் எந்த அளவு தீவிரம் என்று கணிக்க இந்திய மருத்துவர்கள் 'இட்டாஸ் 2010' என்று ஓர் அளவுகோலையே உருவாக்கியிருக்கிறார்கள். தகயாசில் முதலில் மருந்தால் வீக்கத்தை அடக்க வேண்டும். நோய் கொதிக்கும்போது ஸ்டென்ட் வைத்தால் மறுபடி அடைத்துக்கொள்ளும். இரண்டு கையிலும் பிரஷர் பாருங்கள் என்று கேளுங்கள். காசு ஆகாது.

வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இரண்டு நாள் ரயிலேறி வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறார்கள். ஆஸ்பத்திரி எதிரில் லாட்ஜ் பலகைகள் வங்காளியில் இருக்கின்றன. ஐடா ஸ்கடர் 1918இல் அங்கே பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார், ஆண்களைச் சேர்த்ததே 1947இல்தான். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று வீட்டு ஆண்கள் மறுத்ததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்ததுதான் அவரை மருத்துவத்துக்குத் தள்ளியது என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிரசவக் கதையாகவே அதைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அது வாசலில் நின்று முடிவெடுக்கிற ஆணின் கதை. அந்த ஆள் இன்னும் வாசலில்தான் நிற்கிறார்.

பெண்ணியம் பேசுகிற நாமும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பெண் உடல் என்றதும் நமக்குக் கர்ப்பப்பை, மாதவிடாய், மார்பகம். முகாம் போட்டாலும் அதுதான். வயிற்றுவலி என்று போய்க் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டு வந்த பெண்கள் என் தெருவிலேயே இரண்டு பேர். வலி அப்படியேதான் இருக்கிறது. பெண்ணுக்குக் குடல் இருக்கிறது, அதற்கு ரத்தம் வேண்டும் என்பதும் பெண்ணிய விஷயம்தான். இந்தத் தோல் மண்டலத்தின் நோய் என்றால் பாலாற்றுத் தண்ணீர்தான் பேச்சு. 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, மறுபடி 2025 ஜனவரியில் தீர்ப்பு, 2015இல் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டி உடைந்து செத்த பத்துத் தொழிலாளர்கள். பேச வேண்டியவைதான், விடக்கூடாது. ஆனால் டேனரிக் கழிவால் வருவது அல்ல இந்த நோய். நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக எதிராளி இல்லாத நோய் இது. அதனால்தான் யாரும் பேசுவதில்லையோ என்னவோ.

எனக்கு வேண்டியது பெரிய விஷயம் எதுவும் இல்லை. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலப் பெண்கள் வீடு வீடாக வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். இந்த நோய் வரக்கூடிய பெண்கள் எல்லோரும் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் மூன்று கேள்வி சேர்த்துக் கேட்கட்டும். சாப்பிட்ட பிறகு வலி வருகிறதா? வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்தீர்களா? ஜாக்கெட் லூசாகிவிட்டதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் கேஸ் மாத்திரை கொடுக்காமல் மேலே அனுப்பட்டும்.

விலை வரம்பு குடல், கால், சிறுநீரகக் குழாய்களுக்கு வைக்கிற ஸ்டென்டுக்கும் வர வேண்டும். கம்பெனிகளைப் பற்றி ஒன்று. ஐந்து வருடமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து, ஓய்வு வயதில் வேலையை விட்டவர், தனக்கும் துணைக்கும் சேர்த்து ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் இ.எஸ்.ஐ. மருத்துவத்தைத் தொடர்ந்து பெறலாம். என் பெரியம்மாவுடன் மெஷினில் உட்கார்ந்தவர்கள் யாருக்கும் இது தெரியாது. ஓய்வு என்று எழுதிக் கொடுக்காமல் "நின்றுவிட்டாள்" என்று எழுதி அனுப்பிவிடுகிற இடங்களில் தெரிந்தும் பயனில்லை. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு பெண் கடைசியாகக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பூமாலையும் எவர்சில்வர் குடமும் கொடுக்கிறார்கள். குடத்துக்குள் அந்த ஓய்வுச் சான்றிதழும் 120 ரூபாய் கட்டுகிற படிவமும் இருக்க வேண்டும், நிர்வாகத்தின் கையெழுத்தோடு.